இரண்டு ஓட்டில் ஒரு கவுன்சிலர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அனமோசா என்று ஒரு சின்ன ஊர். 2005இல் அங்கே நடந்த நகரமன்றத் தேர்தலில், இரண்டாவது வார்டில் ஒருவர் இரண்டே ஓட்டு வாங்கி ஜெயித்தார். அவர் வேட்பாளராகக்கூட நிற்கவில்லை. வாக்குச்சீட்டில் இல்லாத ஒரு பெயரைக் கையால் எழுதிப் போடும் வசதி அங்கே உண்டு. மனைவி ஒரு ஓட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஓட்டு. ஆள் கவுன்சிலர் ஆகிவிட்டார்.

கள்ள ஓட்டு இல்லை, மிரட்டல் இல்லை, சட்டப்படி எல்லாம் சரி. அனமோசாவின் நான்கு வார்டுகளும் மக்கள்தொகையில் ஏறக்குறைய சமம்தான். ஒவ்வொன்றிலும் 1,400 பேர் போல. ஆனால் இரண்டாவது வார்டுக்குள் மாநிலச் சிறைச்சாலை இருந்தது. வார்டின் மக்கள்தொகையில் 1,300க்கும் மேற்பட்டவர்கள் கைதிகள். கணக்கெடுப்பு ஒருவரை அவர் தங்கியிருக்கும் இடத்தில் எண்ணுகிறது, கைதி தங்கியிருப்பது சிறையில். அவருக்கு ஓட்டும் கிடையாது. கைதிகளைக் கழித்தால் அந்த வார்டில் மிஞ்சியவர்கள் சுமார் அறுபது பேர். மற்ற வார்டுகளில் ஆயிரத்து நானூறு பேருக்கு ஒரு கவுன்சிலர் என்றால் இங்கே அறுபது பேருக்கு ஒருவர். பிறகு ஊர்க்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தி, வார்டுவாரித் தேர்தலையே விட்டுவிட்டு, ஊர் முழுவதும் சேர்ந்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

வார்டு மறுவரையறை பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது ‘எல்லா வார்டிலும் ஆட்கள் சமமாக இருக்க வேண்டும்’ என்ற வாக்கியம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் அனமோசாவில் அந்த வாக்கியம் அப்படியே நிறைவேறியிருந்தது. அதனால்தான் எல்லை மாற்ற வரைவு எதைப் பார்த்தாலும் நான் முதலில் வரைபடத்துக்குப் போவதில்லை. கடைசிப் பக்கங்களில் இருக்கும் அட்டவணைக்குப் போவேன். அதில் எண்ணிக்கை என்று ஒரு பத்தி இருக்கும். எதன் எண்ணிக்கை?

இதில் நாட்டுக்கு நாடு வேறு பதில். இங்கிலாந்தில் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களை எண்ணுகிறார்கள். நியூசிலாந்தில் மக்கள்தொகை. அமெரிக்காவிலும் பொதுவாக மக்கள்தொகைதான். ஓட்டுரிமை உள்ளவர்களை மட்டுமே எண்ண வேண்டும் என்று டெக்சாஸ்காரர்கள் சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மொத்த மக்கள்தொகையை வைத்துத் தொகுதி பிரிப்பதில் தவறில்லை என்று 2016இல் தீர்ப்பு வந்தது. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். குழந்தைகள் நிறைய உள்ள குடும்பங்களும், குடியுரிமை இல்லாமல் வேலைக்கு வந்தவர்களும் ஒரே பகுதியில் நெருக்கமாக வாழ்கிறார்கள் என்று வையுங்கள். வாக்காளர்களை மட்டும் எண்ணினால் அந்தப் பகுதிக்குக் கவுன்சிலர் குறைந்துவிடுவார். அங்கே குப்பை குறையாது, சாக்கடை அடைப்பும் குறையாது.

என்னைக் கேட்டால், உள்ளாட்சியைப் பொறுத்தவரை ஆட்களைத்தான் எண்ண வேண்டும். தெருவிளக்கு வாக்காளருக்கு மட்டும் எரிவதில்லை. அனமோசா மாதிரிச் சிக்கலுக்குத் தனியாக வழி இருக்கிறது: கைதியை அவர் கைதாவதற்கு முன் குடியிருந்த முகவரியில் எண்ணுவது. மேரிலாந்து, நியூயார்க் மாநிலங்கள் 2010இல் இதற்குச் சட்டமே போட்டன.

சமமின்மை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் டெக்சாஸில் உள்ள மிட்லண்ட் கவுன்ட்டி (கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). அந்தக் கவுன்ட்டியின் நிர்வாகக் குழுவுக்கு நான்கு வட்டங்கள், வட்டத்துக்கு ஓர் உறுப்பினர். 1963 மதிப்பீட்டின்படி ஒரு வட்டத்தில் 67,906 பேர். மற்ற மூன்றிலும் முறையே 852, 414, 828. மிட்லண்ட் நகரம் கிட்டத்தட்ட முழுவதும் முதல் வட்டத்துக்குள் அடக்கம். ஆக, 97 சதவீத மக்களுக்கு ஓர் உறுப்பினர், மிச்சமுள்ள இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு மூன்று உறுப்பினர்கள். மிகச் சிறிய வட்டத்தில் ஒருவரின் ஓட்டுக்கு நகரத்துக்காரர் ஓட்டைப் போல 164 மடங்கு மதிப்பு.

இதற்கு அவர்கள் வைத்த நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை முற்றிலும் அபத்தம் என்று ஒதுக்க முடியாது. நகரத்துக்குத் தனியாக நகரமன்றம் இருக்கிறது. கவுன்ட்டிக் குழுவின் வேலையில் பெரும்பகுதி கிராமப்புறச் சாலைகள். அதனால் நிலப்பரப்பு, சாலைகளின் நீளம், வரி மதிப்பு இதையெல்லாமும் பார்த்து வட்டம் பிரிக்கலாம் என்று டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே குழுதான் கவுன்ட்டி முழுவதற்கும் வரி விதிக்கிறது, பட்ஜெட் போடுகிறது. நகரத்துக்காரரும் அந்த வரியைக் கட்டுகிறார். 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுவான நிர்வாக அதிகாரம் உள்ள உள்ளாட்சி அமைப்பு எதுவானாலும் அதன் வட்டங்கள் மக்கள்தொகையில் பெருமளவு சமமாக இருக்க வேண்டும் என்றது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு அலபாமா வழக்கில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், சட்டமன்றத்தினர் மனிதர்களின் பிரதிநிதிகளே தவிர மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் பிரதிநிதிகள் இல்லை என்று எழுதியிருந்தார். மாநிலச் சட்டமன்றத்துக்குச் சொன்ன அந்த விதி இப்போது உள்ளூர் வரை இறங்கியது.

அந்த அலபாமா வழக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அங்கே யாரும் புதிதாகக் கோடு வரைந்து ஏமாற்றவில்லை. 1901க்குப் பிறகு எல்லையைத் தொடவே இல்லை, அவ்வளவுதான். ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஜெஃபர்சன் கவுன்ட்டிக்கு மாநில மேலவையில் ஒரு செனட்டர்; 15,417 பேர் உள்ள லௌண்டஸ் கவுன்ட்டிக்கும் ஒரு செனட்டர். சும்மா இருப்பதற்குச் சதி தேவையில்லை. இப்போது இருக்கும் எல்லையில் ஜெயித்து வந்தவர்கள் அந்த எல்லையை எதற்காக மாற்றப் போகிறார்கள்? அதனால்தான் நல்ல சட்டங்கள் மறுஆய்வு செய்வதா வேண்டாமா என்ற முடிவை மன்றத்தின் கையில் விடுவதில்லை. நியூசிலாந்தில் குறைந்தது ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். இங்கிலாந்தில் எல்லை ஆணையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஒரு மன்றத்தின் வார்டுகளில் 30 சதவீதத்துக்கு மேற்பட்டவை சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினாலோ, ஏதாவது ஒரே ஒரு வார்டு 30 சதவீதத்துக்கு மேல் விலகினாலோ, அந்த மன்றம் மறுஆய்வுப் பட்டியலுக்கு வந்துவிடும்.

ஏன் 10 சதவீதம், ஏன் பூஜ்யம் இல்லை? பூஜ்யத்தை நோக்கி ஓடினால் என்ன ஆகும் என்பது ஒரு முறை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். ஒரு வார்டில் 5,600 பேர், சராசரி 5,000 என்று வைத்துக்கொள்வோம். 600 பேரைப் பக்கத்து வார்டுக்குத் தள்ள வேண்டும். எந்த 600? எல்லையை ஒட்டியிருக்கும் நான்கு தெருக்களைக் கொடுத்தால் 740 ஆகிறது, மூன்று கொடுத்தால் 480. சரியாக 600 வேண்டுமென்றால் ஒரு தெருவின் நடுவே கோடு ஓட வேண்டும். இடது பக்க வீடுகளுக்கு ஒரு கவுன்சிலர், வலது பக்கத்துக்கு வேறொருவர். தெருவில் பள்ளம் விழுந்தால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். சரி, நான்கு தெருவையும் கொடுத்துவிடுவோம் என்றால் வாங்கிக்கொண்ட வார்டு பெருத்துவிடும், அது தன் மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ள வேண்டும், அதற்கடுத்த வார்டும் அப்படியே. நிறைந்த பெஞ்சில் ஒருவர் நகர்ந்தால் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் கீழே விழுவது மாதிரி, ஒரு மூலையில் செய்த திருத்தம் ஊரின் எதிர்மூலையில் யாரோ ஒருவருடைய வாக்குச்சாவடியை மாற்றிவிடும். 10 சதவீத இடைவெளி இருந்தால் தெருவை உடைக்காமல், ரயில்பாதையோ ஆறோ பெரிய சாலையோ எது இயல்பாகப் பிரிக்கிறதோ அதில் கோட்டை நிறுத்த முடியும்.

இங்கிலாந்து ஆணையம் வைத்திருக்கும் மூன்று அளவுகோல்களும் இதைத்தான் சமாளிக்கப் பார்க்கின்றன: வாக்காளர் எண்ணிக்கைச் சமம், ஒரு பகுதி மக்களின் அடையாளமும் பிணைப்பும், திறமையான வசதியான நிர்வாகம். இன்னொரு நல்ல வழக்கமும் அவர்களிடம் உண்டு. இன்றைய எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ஐந்து ஆண்டு கழித்து என்ன எண்ணிக்கை இருக்கும் என்றும் கணக்கிடுகிறார்கள். அனுமதி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். நகரின் விளிம்பில் வேகமாக வளரும் வார்டை இன்றைக்குக் கொஞ்சம் சின்னதாக விட்டுவைப்பது நாளைக்குச் சரியாக வரும். இந்த முன்கணிப்பில் விளையாடவும் இடம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வராத வீடுகளை வரும் என்று காட்டி ஒரு வார்டைச் சின்னதாகவே வைத்திருக்கலாம். எதை நம்பி அந்த எண் போடப்பட்டது என்று கேட்பது அதனால் முக்கியம்.

இவ்வளவும் எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. இனி எண்ணிக்கைக்கு அகப்படாத விஷயத்துக்கு வருவோம்.

வட அயர்லாந்தில் டெரி என்று ஒரு நகரம். பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் அதை லண்டன்டெரி என்பார்கள். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை, அவர்களில் பெரும்பாலோர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பும் தேசியவாதிகள். மாநகராட்சியோ பல பத்தாண்டுகள் புராட்டஸ்டன்ட் யூனியனிஸ்டுகளின் கையில். 1936இல் வார்டுகளை மாற்றி மூன்றாக்கினார்கள்: வடக்கு, தெற்கு, வாட்டர்சைடு. 1967இல் உள்ளாட்சி வாக்காளர் நிலவரம் இப்படி. வடக்கு வார்டில் கத்தோலிக்கர் 2,530, மற்றவர்கள் 3,946. எட்டு இடங்கள், எட்டும் யூனியனிஸ்ட். வாட்டர்சைடில் கத்தோலிக்கர் 1,852, மற்றவர்கள் 3,697. நான்கு இடங்கள், நான்கும் யூனியனிஸ்ட். தெற்கில் கத்தோலிக்கர் 10,047, மற்றவர்கள் 1,138. எட்டு இடங்கள், எட்டும் எதிர்த்தரப்பு. கூட்டிப் பார்த்தால் வாக்காளர்களில் 62 சதவீதம் கத்தோலிக்கர், மன்றத்தில் 20க்கு 8. வார்டின் எல்லா இடங்களையும் அங்கே முந்தியவர்களே அள்ளிக்கொள்ளும் தேர்தல் முறை. பத்தாயிரம் பேரை ஒரே வார்டுக்குள் அடைத்துவிட்டால் அவர்கள் பிரம்மாண்டமாக ஜெயிக்கட்டும், யாருக்கென்ன நஷ்டம்?

இந்த அட்டவணையை நான் பல தடவை முன்னும் பின்னும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்துக்கு எத்தனை வாக்காளர் என்று வகுத்தால் வடக்கில் சுமார் 810, தெற்கில் 1,398, வாட்டர்சைடில் 1,387. தெற்கும் வாட்டர்சைடும் கிட்டத்தட்ட சமம். வடக்குக்கு மட்டும்தான் சலுகை. அந்தச் சலுகையை நீக்கி, எல்லைகளைத் தொடாமல், 20 இடங்களையும் வாக்காளர் விகிதப்படி கச்சிதமாகப் பிரித்தால் வடக்குக்கு 5, தெற்குக்கு 10, வாட்டர்சைடுக்கு 5 வரும். அப்போதும் மன்றத்தில் 10க்கு 10. எண்ணிக்கை அநியாயத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்ட பிறகும் 62 சதவீதம் பேருக்குப் பாதிதான். மிச்ச அநியாயம் முழுவதும் கோடு ஓடிய பாதையில் இருந்தது. எந்தத் தணிக்கையாளர் வந்து எண்களைச் சரிபார்த்தாலும் அது அவர் கண்ணில் பட்டிருக்காது.

வேறொன்றும் நடந்தது. கோடு போட்டுவிட்டால் அப்புறம் அதைக் காப்பாற்ற வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு வடக்கு வார்டிலோ வாட்டர்சைடிலோ மாநகராட்சி வீடு கட்டிக் கொடுத்தால் அங்கே ஓட்டு நிலவரம் மாறும். அதனால் வீடுகள் ஏற்கெனவே நெருக்கடியில் இருந்த தெற்கு வார்டிலேயே எழுந்தன, அல்லது எழவே இல்லை. உள்ளாட்சியில் ஓட்டு பெரும்பாலும் குடித்தனக்காரருக்கும் அவர் துணைக்கும்தான் என்பதால், வீடு ஒதுக்குவது என்றால் ஓட்டு ஒதுக்குவது என்றே அர்த்தம். கலவரங்களுக்கான காரணங்களை ஆராய்ந்த கேமரன் ஆணையம் 1969இல் வார்டு எல்லைகளையும் வீட்டு ஒதுக்கீட்டையும் சேர்த்தே பேசியது. 1968 அக்டோபர் 5ஆம் தேதி டெரியில் தடியடிக்கு ஆளான குடிமை உரிமை ஊர்வலத்தின் கோரிக்கைகளில் இரண்டும் இருந்தன. மறுஆண்டே மாநகராட்சி கலைக்கப்பட்டு நியமன ஆணையம் வந்தது. வயது வந்த எல்லோருக்கும் உள்ளாட்சி ஓட்டும் வந்தது.

எல்லையைத் தொடாமல் மனிதர்களை மாற்றுகிற வித்தை வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தில் 1986இல் நூலிழையில் பிழைத்த ஆளுங்கட்சி, போட்டி கடுமையாக இருந்த எட்டு வார்டுகளைப் பொறுக்கி, அங்கே மன்றத்துக்குச் சொந்தமான வீடுகளை, தனக்கு ஓட்டுப் போடக்கூடியவர்கள் குடிவரும்படி விற்றது. அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2001இல் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. விற்பனையெல்லாம் அதற்குள் முடிந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

ஆக, பென்சில் யார் கையில் என்பதுதான் கேள்வி. மன்றமே தன் வார்டுகளை வரைவது மோசம். ஆளுங்கட்சியின் கீழுள்ள அதிகாரி வரைவது கொஞ்சம் குறைவான மோசம். தனி ஆணையம் வரைந்து, வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் வாங்கி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதினால் பரவாயில்லை. பரவாயில்லை என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நேர்மையான கோடும் யாரோ ஒருவருக்குச் சாதகமாகத்தான் விழும். ஒரு வார்டுக்கு ஓர் உறுப்பினர், முந்துபவருக்கே இடம் என்ற முறையில் எந்த வரைபடமும் தோற்ற ஓட்டுகளைக் கரைத்துவிடும். என் சாய்வு இதில் வெளிப்படையானது: வார்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, நான்கைந்து உறுப்பினர்களை விகிதாசார முறையில் தேர்ந்தெடுத்தால் கோட்டின் பலம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். வட அயர்லாந்து அதையே செய்தது. 1973 முதல் அங்கே உள்ளாட்சித் தேர்தல்கள், வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எண்ணிட்டு ஓட்டுப் போடும் மாற்றத்தக்க ஒற்றை ஓட்டு முறையில் நடக்கின்றன. இதற்கும் விலை உண்டு. ‘எங்க கவுன்சிலர்’ என்று ஒரே முகத்தைக் காட்டும் வசதி போய்விடும். பர்மிங்காம் எதிர்த்திசையில் போனது: 40 வார்டு, வார்டுக்கு மூன்று பேர், மொத்தம் 120 என்றிருந்ததை 2018இல் 69 வார்டு, 101 உறுப்பினர் என்று மாற்றினார்கள், 37 வார்டுகளில் ஒருவர், 32இல் இருவர். ஆள் தெரியட்டும் என்ற எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று பேர் இருந்தும் மூவரும் ஒரே கட்சி என்றால் அந்தப் பன்மையால் யாருக்கும் லாபமில்லைதான்.

தமிழ் வாசிப்பவர்களுக்கு மறுவரையறை என்றதும் வேறொன்று ஞாபகம் வரும்: தேர்தல் தள்ளிப்போவது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிக்காலத்துக்கு அடுத்த ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தது, புதிதாகப் பிரித்த மாவட்டங்களை உள்ளடக்கிய ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில், நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரியில். காரணங்கள் பல, வார்டு மறுவரையறையும் ஒன்று. ஐந்து ஆண்டு முடியும் முன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது, மறுவரையறையைச் சாக்காகச் சொல்லக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2006லேயே சொல்லிவிட்டது. இலங்கையில் 2011இல் தேர்தல் கண்ட உள்ளூராட்சி மன்றங்களுக்கு அடுத்த தேர்தல் 2018 பிப்ரவரியில்தான், வட்டார எல்லை நிர்ணயம் இழுத்த இழுப்பில். மாகாண சபைகளின் கதை அதைவிட மோசம்: எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் நாடாளுமன்றம் நிராகரித்தது, கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல். சமமில்லாத வார்டில் நடக்கும் தேர்தலா, சமமான வார்டுக்காகக் காத்திருந்து நடக்காத தேர்தலா என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். மோசமான வார்டிலும் ஓர் ஆளைத் தோற்கடிக்க முடியும். தேர்தல் நடக்காதபோது மன்றத்தை நடத்த வரும் தனி அதிகாரியைத் தோற்கடிக்க முடியாது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வார்டுகளைக் கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பிரிக்க வேண்டும். இன்றைக்கு அது 2011. நடுவில் ஏரிக்கரையெல்லாம் குடியிருப்பாகிவிட்ட நகரங்களில் அந்த எண் எவ்வளவு பொருந்தும் என்பதை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டால் யாரும் கண்டுபிடிக்கலாம். அதோடு, மறுவரையறைச் சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு அரசியல் சாசனத்தின் 243ஓ, 243இசட்ஜி பிரிவுகள் தடை போட்டிருக்கின்றன. ஆகவே வரைவு வெளியாகி ஆட்சேபம் கேட்கும் அந்தக் கொஞ்ச நாள்தான் சாதாரண மனிதருக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

அந்த நாட்களில் வரும் மனுக்களில் பெரும்பாலானவை ‘எங்கள் தெருவை மாற்றாதீர்கள்’ என்ற ரகம். அவற்றை ஒதுக்குவது அதிகாரிகளுக்குச் சுலபம், ஏனென்றால் உங்கள் தெருவை விட்டுவிட்டால் வேறு எந்தத் தெரு போகும் என்று மனுவில் இருக்காது. நிற்கிற மனு வேறு மாதிரி இருக்கும். இந்த நான்கு தெருக்களும் ஒரே பள்ளிக்கு, ஒரே பேருந்து நிறுத்தத்துக்கு, ஒரே குடிநீர்த் தொட்டிக்குப் போகின்றன என்று காட்டும். அவற்றுக்குப் பதிலாக ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள இந்த இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும். மாற்றிய பிறகு இரண்டு வார்டுகளின் எண்ணிக்கையும் சராசரியிலிருந்து எத்தனை சதவீதம் விலகும் என்று கணக்குப் போட்டு, ஒரு துண்டு வரைபடத்தையும் இணைத்திருக்கும். அப்படி ஒரு மனுவை நிராகரிக்க வேண்டுமென்றால் எதிர்க்கணக்கு ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினார்களா இல்லையா என்பது இறுதி அறிக்கையின் இணைப்பில் இருக்கும். வரைவு அட்டவணையையும் இறுதி அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரிசைகள் மாறியிருக்கின்றன என்று பார்த்தால், யார் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.